ஜிப்மர் சீட்டும் மெடிகிளெய்ம் பில்லும்

எங்கள் ஊரில் பெரிய வைத்தியம் என்றால் ஜிப்மர்தான். 1823ல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய மருத்துவப் பள்ளி அது. 1956ல் தன்வந்திரி மருத்துவக் கல்லூரி, 1964ல் ஜிப்மர். விடியற்காலையில் கோரிமேட்டுக்குப் போய்ச் சீட்டு வாங்கினால் வைத்தியத்துக்குப் பெரும்பாலும் காசு கேட்கமாட்டார்கள். ஆனால் துணைக்குப் போனவரின் சாப்பாடும் அன்றைய கூலியும் யார் கணக்கு? எந்த ரசீதிலும் அது வராது.

2008ல் ஜிப்மருக்குத் தனிச் சட்டம் வந்தபோது, இலவசம் போய்விடுமோ என்று ஊரில் ஒரே பேச்சு, போராட்டம். அந்தப் பயம் எனக்கும் ஒட்டிக்கொண்டது. மூன்று லட்சத்துக்கு மெடிகிளெய்ம் எடுத்தேன்.

சில வருஷம் கழித்து என் மனைவிக்கு ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன். 'இன்ஷூரன்ஸ்தான் இருக்கிறதே' என்று நாளுக்கு 6,000 ரூபாய் அறை எடுத்தேன். பாலிசியில் அறை வாடகை ஒரு சதவீதம், அதாவது 3,000தான். மீதி வாடகையை நான் கட்டினால் போதும் என்று நினைத்தேன். அங்கேதான் ஏமாந்தேன். டாக்டர் கட்டணம், தியேட்டர், நர்சிங் எல்லாவற்றிலும் பாதியை வெட்டிவிட்டார்கள். அறை உயர்ந்தால் மற்ற கட்டணமும் உயர்கிறதாம், அது அவர்கள் நியாயம். கையுறை, பஞ்சுக்குத் தனியாகப் பணம்.

மருந்துக்கும் பரிசோதனைக்கும் இப்படி வெட்டக்கூடாது என்று 2020ல் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. சொன்னது. டாக்டர் கட்டணத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. உங்கள் பாலிசியில் 'அறை வாடகை' என்ற வரியை ஒருமுறை பாருங்கள். பொடி எழுத்தில்தான் இருக்கும்.

அந்த அறையில் டிவி இருந்தது. அவள் ஒரு நாளும் போடச் சொல்லவில்லை.