கருமருந்தும் சுவார்ட்ஸ் என்ற பெயரும்

வெடியுப்பு, கந்தகம், கரி. சிவகாசியில் ‘மருந்து’ என்று சொல்லப்படும் கலவைக்கு அடிப்படையான பொருள்கள் இவை. இக்கலவையைக் கண்டறிந்தவர் பெர்தோல்ட் சுவார்ட்ஸ் என்ற ஜெர்மானியத் துறவி என்று ஐரோப்பிய நூல்கள் நெடுங்காலம் எழுதிவந்தன. ஃபிரைபுர்க் நகரில் 1853இல் அவருக்குச் சிலையும் எழுந்தது. ஆனால் அப்படி ஒருவர் வாழ்ந்தார் என்பதற்கு உறுதியான சான்று இல்லை.

1420ஐ ஒட்டி எழுந்த ஜெர்மானிய வெடிமருந்துக் கையேடு ஒன்று, பெர்தோல்ட் என்ற ரசவாதியைக் குறிப்பிடுகிறது. பொன்னிற வண்ணம் தயாரிக்கப் போனவர் தற்செயலாக வெடிப்பைக் கண்டாராம். பின்வந்தோர் அவருக்குத் துறவற சபை, ஊர், ஆண்டு எல்லாம் சேர்த்துக் கொடுத்தார்கள். கதை வளர வளர விவரமும் துல்லியமாவதே ஐயத்துக்கு இடம் தருகிறது. சீனாவில் 1044இல் தொகுக்கப்பட்ட போர்க்கலை நூலிலேயே கருமருந்துக்கான அளவுகள் உள்ளன. நம் பக்கத்தில், 1443இல் விஜயநகரம் வந்த பாரசீகத் தூதர் அப்துர் ரசாக் மகாநவமி வாணவேடிக்கையைப் பதிவு செய்திருக்கிறார். இதைப் போன்ற குறிப்புகளை பி.கே. கோடே திரட்டி, 1400 முதல் 1900 வரையிலான இந்திய வாணவேடிக்கையின் வரலாற்றை எழுதினார்.

பெயர் ஓரிடத்தில் ஒட்டிக்கொள்வது கட்டுக்கதைக்கு மட்டும் நேர்வதில்லை. விருதுநகர் செந்திக்குமார நாடார் கல்லூரி போன்ற கல்லூரிகளில் கணிதம் படிப்பவர்கள் சந்திக்கும் கோஷி–சுவார்ட்ஸ் சமனிலியில் வருபவர் ஹெர்மன் சுவார்ட்ஸ் (1843–1921). உண்மையில் வாழ்ந்தவர்தான். ஆனால் அவர் 1880களில் தந்த தொகையீட்டு வடிவத்தை ரஷ்யரான புனியகோவ்ஸ்கி 1859இலேயே வெளியிட்டிருந்தார்.

தென் தமிழகத்தோடு நேரடியாகத் தொடர்புடையவர் கிறிஸ்தியான் ஃபிரிடரிக் சுவார்ட்ஸ் என்ற கிறிஸ்தவ மதபோதகர். 1726இல் பிரஷ்யாவின் சோனன்பர்கில் பிறந்து, 1750இல் தரங்கம்பாடி வந்து, திருச்சியிலும் தஞ்சையிலும் பணியாற்றி 1798இல் மறைந்தார். இரண்டாம் சரபோஜியின் காப்பாளராகவும் இருந்தார். 1779இல் சென்னை அரசின் தூதராக ஸ்ரீரங்கப்பட்டணம் சென்று மைசூரை ஆண்ட ஹைதர் அலியைச் சந்தித்தார். சமாதானம் நிலைக்கவில்லை. மறு ஆண்டே போர் மூண்டது. மைசூர்ப் படையின் ராக்கெட்டுகள் ஆங்கிலேயரைத் திணறடித்தன. கருமருந்தோடு இவருக்கிருந்த உறவு இவ்வளவே.

தஞ்சை, ராமநாதபுரம், சிவகங்கை ஆகிய ஊர்களில் ஆங்கிலப் பள்ளிகள் தொடங்க அவர் முனைந்தார். ராமநாதபுரத்தில் இன்றும் அவர் பெயரில் மேல்நிலைப் பள்ளி இயங்குகிறது. அங்கே படித்தவர் ஆ.ப.ஜெ. அப்துல் கலாம். கலாம் அமெரிக்காவின் வாலப்ஸ் ஏவுதள வரவேற்பறையில் ஹைதரின் மகன் திப்புவின் ராக்கெட் படையைச் சித்திரித்த ஓவியத்தைக் கண்டதைத் தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். இதைத் தற்செயல் என்றே கொள்கிறேன். பள்ளியின் பெயருக்கும் ராக்கெட்டுக்கும் முடிச்சுப் போட்டால் நாமும் இன்னொரு பெர்தோல்டைப் படைத்தவர்கள் ஆவோம்.

1910 முதல் 1985 வரை சிவகாசியும் ராமநாதபுரம் மாவட்டத்தில்தான் இருந்தது. அவ்வூரின் தொழில் வரலாற்றை, 1922இல் கல்கத்தா சென்ற அய்ய நாடார், சண்முக நாடார் இருவரிடமிருந்து தொடங்குவது வழக்கம். அவர்கள் கற்றுவந்தது தீப்பெட்டித் தொழில். அதன் பெருமை அவர்களுக்கு உரியது. பட்டாசு ஆலைகள் பெருகியது 1940களில், உரிமம் வழங்கும் வெடிபொருள் விதிகள் வந்த பிறகு. கருமருந்துக் கைத்திறனுக்கும் அந்த 1922ஐயே தொடக்கமாக வைத்தால், அதற்கு முன்பே கோயில் திருவிழாக்களுக்கு வாணம் கட்டிய வாணக்காரர்கள் கணக்கில் வராமலே போவார்கள்.