எண்ணெய்க் கை

பள்ளிக்கூட நாட்களில் பேச்சுப் போட்டி என்றால் எங்களுக்கெல்லாம் ஒக்கூர் மாசாத்தியார்தான் துணை. முன்பொரு நாள் போரில் தமையன் மாண்டான், நேற்றைப் போரில் கணவன் மாண்டான், இன்று முரசு கேட்டதும் ஒரே மகனை அனுப்பிவிட்டாள் தமிழ்த்தாய் என்று கையை உயர்த்திச் சொன்னால் போதும், கைதட்டல் கிடைக்கும். எனக்கு ஓர் எவர்சில்வர் கிண்ணமே கிடைத்தது. பாட்டை முழுதும் படிக்காமல் வாங்கிய கிண்ணம்!

மதுரைக்குக் கிழக்கே, சிவகங்கைச் சீமையில் ஒக்கூர் என்று ஓர் ஊர் இருக்கிறது. அந்த அம்மாள் எங்கள் பக்கத்துக்காரி என்று நாங்கள் உரிமை கொண்டாடுவது அதை வைத்துத்தான். வேறு ஊர்க்காரர்கள் வழக்குக்கு வந்தாலும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

புறநானூற்றை விலை கொடுத்து வாங்கிப் படித்தது முப்பது வயதுக்கு மேல். 279ஆம் பாட்டுக்கு வந்ததும் திடுக்கிட்டேன். வேலை எடுத்து மகன் கையில் கொடுக்கிறாள். அது எனக்குத் தெரிந்ததுதான். ஆனால் அதோடு அவள் வேலை முடியவில்லை. வெள்ளைத் துணியை விரித்து உடுத்திவிடுகிறாள். எண்ணெய் காணாமல் பறந்துகொண்டிருந்த குடுமியை எண்ணெய் தடவி நீவிவிடுகிறாள். அப்புறந்தான் போகச் சொல்கிறாள். பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிற எந்தத் தாயும் காலையில் செய்கிற காரியம்! பாட்டின் தொடக்கமோ அவள் மனத்தைச் சபிப்பதுபோல் இருக்கிறது. அது வியப்பின் ஒரு வகை என்பார்கள் புலவர்கள். இருக்கலாம். எனக்கென்னவோ, ஒரு பெண் இன்னொரு பெண்ணைப் பார்த்து, “பாவி, எப்படியம்மா உனக்கு மனசு வந்தது?” என்று கேட்பதுபோல்தான் காதில் விழுகிறது.

1894இல் உ. வே. சாமிநாதையர் புறநானூற்றை அச்சேற்றியபோது, கிடைத்த பழைய உரை 266ஆம் பாட்டோடு நின்றுவிட்டது. தாய்மாரைப் பற்றிய பாட்டுகளில் பல அதற்கு அப்பால் இருக்கின்றன. பின்னால் ஔவை துரைசாமிப் பிள்ளை போன்றவர்கள் உரை எழுதினார்கள் என்றாலும், ஊருக்குப் பொருள் சொன்னது மேடைதான். மேடைக்கு வீரம் போதும். எண்ணெய்க் கிண்ணம் எதற்கு?

காக்கைபாடினியார் நச்செள்ளையாரின் கிழவியையும் மேடை விடவில்லை. மகன் புறமுதுகு காட்டியிருந்தால் பாலூட்டிய மார்பை அறுத்தெறிவேன் என்று வாளோடு களத்துக்குப் போனவள் அவள். அவளுடைய நரம்பெழுந்து வற்றிய தோளை அந்தக் கவிராயினி எவ்வளவு பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறாள் என்பதை யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. அதற்கு முந்தின பாட்டு பூங்கணுத்திரையாருடையது. அங்கும் ஒரு கிழவி. கொக்கின் இறகுபோல நரைத்த தலை. யானையைக் கொன்று மகன் மாண்டான் என்று கேட்டதும், பெற்ற நாளைவிட அதிகமாக மகிழ்ந்தாளாம். ஆனால் அந்த அம்மாள் அதோடு விடவில்லை. கிழவியின் கண்ணீரையும் கணக்கெடுக்கிறாள்: மழை விட்டபின் மூங்கிலில் தொங்கும் துளிகளைவிட அதிகமாம். பெற்ற நாளின் மகிழ்ச்சியைப் பிற்பாடு வள்ளுவரும் அளவுகோலாக எடுத்துக்கொண்டார், கண்ணீரை விட்டுவிட்டார்.

இதெல்லாம் பழங்கதை என்று தள்ள முடியாது. ஜெர்மனியில் கேத்தே கோல்விட்ஸ் என்று ஒரு சித்திரக்காரி, சிற்பி. ஏழைத் தாய்மாரையும் குழந்தைகளையும் வரைந்து பேர் வாங்கியவள். 1914இல் அவளுடைய இளைய மகன் பீட்டர் பட்டாளத்தில் சேரத் துடித்தான். வயது போதாது, தகப்பன் சம்மதம் வேண்டும். தயங்கிய தகப்பனைச் சம்மதிக்க வைத்தது தாய்தான். அந்த அக்டோபரிலேயே பெல்ஜியத்தில் பையன் மாண்டான். அவனுக்கு நினைவுச் சிலை செய்ய உட்கார்ந்தவள், செய்வதும் நிறுத்துவதுமாக, அங்கே கல்லறைத் தோட்டத்தில் அதை நிறுத்தியது 1932இல். மண்டியிட்ட தாய், மண்டியிட்ட தகப்பன். இரண்டு முகங்களும் அவர்களுடையவை. முதலில் மகனையும் சேர்த்துத்தான் திட்டமிட்டிருந்தாள். முடிவில் அவன் சிலையில் இல்லை.

பொன்முடியார் பாட்டை அறியாதவர் இல்லை. பெற்று வளர்ப்பது தாய் கடன் என்று தொடங்கி ஒவ்வொருவர் கடனாக அடுக்குகிறாள். மகனுடைய கடன் யானையை வெட்டுவது என்றுதான் நாங்கள் ஒப்பித்தோம். வெட்டிவிட்டுத் திரும்பி வருவது என்றல்லவா இருக்கிறது!

1999, கார்கில் சண்டை நடந்துகொண்டிருந்த சமயம். யாரையோ வழியனுப்ப மதுரை ரயிலடிக்குப் போயிருந்தேன். மேலூர்ப் பக்கத்துக் குடும்பம் ஒன்று பட்டாளத்துப் பையனோடு நின்றுகொண்டிருந்தது. ஒட்ட வெட்டிய தலை. எண்ணெய் தடவ முடியே இல்லை. ஆனாலும் அந்த அம்மாளின் கை அவன் தலையை நீவிக்கொண்டே இருந்தது. எனக்கு அப்போது எந்தப் பாட்டும் ஞாபகம் வரவில்லை. “போயிட்டு வாய்யா” என்றாள். எங்கள் பக்கத்தில் யாரையும் வெறுமே ‘போ’ என்று அனுப்புவதில்லை. வண்டி நகர்ந்த பிறகு, எண்ணெய்க் கை என்ற நினைப்போ என்னவோ, உள்ளங்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.