தூண்டிலிலிருந்து தொட்டிக்கு

வளர்ப்பு ஆமைக்குச் சுவர்க்கோழி போடும் அமெரிக்க வழக்கம் ஆமையின் வயிற்றைக் கேட்டு வந்ததாகத் தெரியவில்லை. கடைக்காரரின் கையிருப்பே அதைத் தீர்மானித்திருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் அங்குள்ள மலிவுவிலைக் கடைகள், காதோரம் சிவப்புப் பட்டையுள்ள ஆமைக்குஞ்சுகளைச் சில்லறைக் காசுக்கு விற்றன. கூடவே உலர்ந்த ஈக்களையும் ‘எறும்பு முட்டை’யையும் விற்றன. முட்டை என்பது பெயருக்குத்தான். உண்மையில் அவை எறும்பின் கூட்டுப்புழுக்கள். அவற்றையே தின்று வளர்ந்த குஞ்சுகள் பல கண் வீங்கி, ஓடு மெலிந்து செத்தன. இந்த ஆமைகளிடமிருந்து சால்மோனெல்லா கிருமி குழந்தைகளுக்குத் தொற்றியதால் 1975-இல் நான்கு அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளின் விற்பனைக்குத் தடை வந்தது. உயிருள்ள சுவர்க்கோழியோ முதலில் மீன்பிடிப்போருக்குத் தூண்டில் இரையாகப் பண்ணைகளில் பெருக்கப்பட்டது. செல்லப்பிராணிக் கடைக்கு அது பிறகே வந்து சேர்ந்தது.

காட்டு ஆமையும் பூச்சி தின்னத்தானே செய்கிறது என்று கேட்கலாம். தின்கிறது, ஆனால் நத்தையை ஓட்டோடும் சிறுமீனை முள்ளோடும் சேர்த்துத் தின்கிறது, வயது ஏற ஏற நீர்த்தாவரங்களையும் நாடுகிறது. சுவர்க்கோழியில் பாஸ்பரஸ் மிகுதி, சுண்ணாம்புச் சத்து சொற்பம். அந்தக் குறையை ஈடுகட்டத்தான் பூச்சியின் மேல் சுண்ணாம்புச் சத்துத் தூளைத் தூவிக் கொடுக்கும் பழக்கம் பிறந்தது. அந்தத் தூளும் தனி டப்பாவில் விற்பனைக்கு வந்தது, சொல்லவா வேண்டும்!