யாருடைய தொகுதி, எவருடைய குறை?



நாடாளுமன்ற உறுப்பினர் தம் தொகுதிக் குறையைப் பேச எழுந்தால் என்ன கேட்பார் என்று நமக்குத் தெரியும். விரைவு ரயில் நின்று போக வேண்டும், மேம்பாலம் வேண்டும், கேந்திரிய வித்யாலயா வேண்டும். சேரியிலிருந்து சுடுகாட்டுக்குப் போகும் பாதை அந்தப் பட்டியலில் எளிதில் ஏறுவதில்லை. தனித்தொகுதி உறுப்பினரே வாய் திறப்பதில்லை என்று திட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். 'தொகுதி' நமக்கு எப்படி வந்து சேர்ந்தது என்பதையும் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

1927இல் எம்.சி. ராஜா மத்திய சட்டசபைக்குள் போனபோது அவருக்குத் தொகுதியே கிடையாது. அவர் அரசு நியமித்த உறுப்பினர். 1932 செப்டம்பரில் பூனா ஒப்பந்தம் வந்தது. வகுப்புவாரித் தீர்ப்பில் மாகாணங்களுக்கு 71ஆக இருந்த இடங்கள் 148 ஆயின. எண்ணிக்கை இரட்டிப்பானது உண்மை. ஆனால் நம் பிரதிநிதி யார் என்பதற்கான இறுதி வாக்கு சேரியின் கையில் மட்டும் இல்லாமல் போனது. (அதில் ராஜாவும் இரட்டைமலை சீனிவாசனும் கையெழுத்திட்டவர்கள் என்பதை மறைக்க வேண்டியதில்லை.)

விடுதலைக்குப் பின் 1952, 1957 தேர்தல்களில் இரட்டை உறுப்பினர் தொகுதிகள் இருந்தன. ஒரே நிலப்பரப்புக்கு இரண்டு உறுப்பினர்கள்: ஒருவர் பொது, ஒருவர் தனி. வாக்காளருக்கு இரண்டு வாக்கு. காட்டுமன்னார்கோயில் பகுதியிலிருந்து வந்த எல். இளையபெருமாள் 1952இல் கடலூரிலிருந்து இப்படித்தான் மக்களவைக்குப் போனார். சட்டப்படி இருவருமே எல்லோருக்கும் உறுப்பினர்கள். ஊர்க்குறை ஒருவருக்கு, சேரிக்குறை இன்னொருவருக்கு என்கிற எழுதாத பாகப்பிரிவினைக்கு அந்த ஏற்பாட்டிலேயே இடம் இருந்தது என்பது என் எண்ணம்.

அந்தப் பாகப்பிரிவினை ஒரே ஓரிடத்தில் தலைகீழானபோது என்ன நடந்தது? 1957இல் ஆந்திராவின் பார்வதிபுரம் தொகுதியில் இரண்டு இடங்களையுமே பழங்குடி வேட்பாளர்கள் வென்றார்கள். தோற்றவர்களில் ஒருவர் முன்னாள் மத்திய அமைச்சரும் பின்னாளில் குடியரசுத் தலைவருமான வி.வி. கிரி. பழங்குடி வேட்பாளருக்குப் பொது இடம் எப்படிப் போகலாம் என்று வழக்குத் தொடுத்தார். ஒதுக்கீடு என்பது நாங்கள் நிற்க வேண்டிய எல்லைக்கோடு என்றுதான் அந்த வழக்கின் உள்ளர்த்தம். 1959இல் உச்ச நீதிமன்றம் அவர் மேல்முறையீட்டை ஏற்கவில்லை. 1961இல் இரட்டை உறுப்பினர் தொகுதி முறையையே சட்டம் போட்டு ஒழித்தார்கள். பரப்பு பெரிது, செலவு அதிகம் என்று காரணங்கள் சொல்லப்பட்டன. பார்வதிபுரத்துக்கு அதில் எவ்வளவு பங்கு என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

இளையபெருமாள் வேறொரு வழியைக் காட்டினார். 1965இல் மத்திய அரசு அமைத்த தீண்டாமை, பட்டியல் சாதியினரின் பொருளாதார, கல்வி முன்னேற்றம் பற்றிய குழுவுக்கு அவர் தலைவர். தம் ஊரில் கண்டதை நாடு முழுவதற்குமான விசாரணையாக விரிக்கும் வாய்ப்பு அது. அறிக்கை 1969 ஜனவரியில் அளிக்கப்பட்டது. அதற்கு ஒரு மாதம் முன்புதான், 1968 டிசம்பர் 25 அன்று, கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். அரசு தெரியாமல் இருந்தது என்று யாரும் சொல்ல முடியாது. பரம்பரை அர்ச்சகர் முறையை ஒழிக்கத் தமிழ்நாடு 1970இல் கொண்டுவந்த சட்டத் திருத்தம் அந்த அறிக்கையைத்தான் காரணம் காட்டியது. 1955ஆம் ஆண்டுத் தீண்டாமைக் குற்றச் சட்டம் 1976இல் கடுமையாக்கப்பட்டுக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் ஆனதற்குப் பின்னாலும் அது இருக்கிறது.

இன்றும் வன்கொடுமை பற்றி அவையில் கேட்டால் டெல்லியில் ஒரு தயார்ப் பதில் இருக்கிறது: காவல்துறையும் பொது ஒழுங்கும் மாநிலப் பட்டியலில் உள்ளவை. ரயில் மத்தியப் பட்டியல். ஆகவே ரயில் நிறுத்தம் தேசியப் பிரச்சினை, தடுக்கப்பட்ட சுடுகாட்டுப் பாதை உள்ளூர் விவகாரம்! அந்தப் பதிலோடு திரும்பிவிடாதீர்கள். 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் நாடாளுமன்றம் இயற்றியது. அதன் 21(4) பிரிவின்படி மத்திய அரசு, தானும் மாநில அரசுகளும் எடுத்த நடவடிக்கைகள் பற்றி ஒவ்வோர் ஆண்டும் இரு அவைகளிலும் அறிக்கை வைத்தாக வேண்டும்.

மக்களவை விதி 377இன் கீழ் ஓர் உறுப்பினர் எழுப்பும் பொருள் 250 சொற்களுக்குள் இருக்க வேண்டும். நம் மாணவர்கள் ஒரு மாலையில் எழுதிவிடலாம். ஊரின் பெயர், பாதை மறிக்கப்பட்ட நாள், புகார் கொடுத்த நாள், முதல் தகவல் அறிக்கை எண், கூடவே அந்த ஆண்டின் 21(4) அறிக்கை எங்கே என்ற கேள்வி. தனித்தொகுதி உறுப்பினரிடம் மட்டும் கொடுக்காதீர்கள். நம் வாக்கையும் வாங்கித்தான் பொதுத்தொகுதி உறுப்பினரும் டெல்லி போயிருக்கிறார். முதல் பிரதி அவருக்கு.