கூனி, செர்ரி, கார்டினல்

நெய்வேலிக்காரர்களுக்குக் கூனி என்றால் சென்னாக்கூனிதான். மந்தாரக்குப்பம் சந்தையில் காய்ந்த கூனியைப் படியில் அளந்து கொடுப்பார்கள். கத்தரிக்காயோடு சேர்த்து வைத்தால் பக்கத்து குவார்ட்டர்ஸ் வரைக்கும் மணக்கும். கொளத்தூர் வண்ணமீன் சந்தையிலிருந்து பத்து செர்ரி இறால்களை பாலித்தீன் பையில் கொண்டுவந்து காட்டியபோது அம்மா கேட்டது ஒன்றுதான்: "இதுக்குப் போயா மெட்ராஸ் வரைக்கும் போன?"

சென்னாக்கூனி கடலில் கூட்டமாக மிதந்து திரிவது. செர்ரி நன்னீரிலேயே பிறந்து, பாசியைச் சுரண்டித் தின்று, நன்னீரிலேயே முடிந்துபோவது. வளர்ந்தால் ஓர் அங்குலம். பெண் இறால் வயிற்றுக்கடியில் 20, 30 முட்டைகளைச் சுமந்துகொண்டு நீந்து கால்களால் விசிறியபடியே இருக்கும். மூன்று நான்கு வாரத்தில் பொரிந்து வருவது லார்வா அல்ல. கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத ஒரு முழு இறால். தொட்டியில் இது பெருகுவதே அதனால்தான். ஜப்பானின் தகாஷி அமானோ 1980களில் பாசி தின்ன விட்டுப் பிரபலமாக்கிய இறாலின் குஞ்சுக்கோ உப்புநீர் வேண்டும். செர்ரிக்கு அந்த வம்பு கிடையாது. செம்பு கலந்த மீன் மருந்தை மட்டும் தொட்டிப் பக்கமே கொண்டுபோகக் கூடாது. நெய்வேலி மே மாதத்தில் தொட்டிக்கு மேல் ஒரு சின்ன ஃபேன் ஓட வேண்டும், அவ்வளவுதான்.

இதன் அறிவியல் பெயர் நியோகாரிடினா டேவிடி. டேவிடி என்பது ஆர்மாண்ட் டேவிட் என்ற பிரெஞ்சுப் பாதிரியார். சீனாவுக்குப் போனவர், 1869இல் பாண்டாக் கரடியை மேற்குலகுக்கு அறிமுகம் செய்தவர். 1904இல் பாரிஸ் அருங்காட்சியகத்து பூவியே இந்த இறாலுக்கு அவர் பெயரை வைத்தார். இதே பூவியேதான் 1918இல் இந்தியாவிலிருந்து போன காரிடினா பாபால்டி என்ற இறாலையும் விவரித்தார். நம் ஊர் இறாலுக்கும் பாரிஸில்தான் பெயர்சூட்டு விழா. காலனிய காலத்து அறிவியல் பெரும்பாலும் இப்படித்தான் நடந்திருக்கிறது.

பூவியே பார்த்தது சிவப்பு இறாலை அல்ல. காட்டு இனம் மங்கலான பழுப்பு. நிறமே இல்லை என்றுகூடச் சொல்லலாம். தப்பித்தவறி வந்த சிவப்பைப் பிரித்தெடுத்து, தலைமுறை தலைமுறையாக மங்கலானதை ஒதுக்கி ஒதுக்கிச் செய்ததுதான் செர்ரி. ஜப்பானில் ஹிசயாசு சுசுகி 1990களில் கறுப்பு வெள்ளை இறால்களுக்கு நடுவே பிறந்த சிவப்பை வைத்து கிரிஸ்டல் ரெட்டை உருவாக்கியதும் இதே முறையில்தான். ஆனால் செர்ரியையும் நீலத்தையும் ஒரே தொட்டியில் விட்டால் சில தலைமுறையில் பழைய பழுப்பு எட்டிப் பார்க்கும். எங்கள் மென்பொருள் பாஷையில் சொன்னால், பழைய கோடை யாரும் அழிக்கவில்லை, கமெண்ட் செய்து வைத்திருக்கிறார்கள்.

செர்ரிக்கு அடுத்து இறால் பைத்தியங்கள் எல்லோரும் கனவு காண்பது கார்டினல். கருஞ்சிவப்பு உடம்பில் வெள்ளைப் பொட்டுகள், வெள்ளைக் கையுறை மாதிரி முன்னங்கால்கள். இந்தோனேசியாவின் சுலவேசித் தீவில் உள்ள மட்டானோ என்ற ஒரே ஏரியில் மட்டும் உண்டு. வியாபாரத்துக்கு முதலில் வந்துவிட்டது, பெயர் பிறகுதான் வந்தது. 2009இல் கிறிஸ்டினா வான் ரின்டெலனும் யிஷியோங் சாயும் காரிடினா டென்னெர்லி என்று பெயரிட்டார்கள். டென்னெர்லே என்பது ஆய்வுப் பயணத்துக்கு உதவிய ஜெர்மன் மீன்தொட்டிச் சாமான் கம்பெனி.

அந்த ஏரி எங்கே என்று தேடியபோதுதான் சொரோவாகோ என்ற பெயர் கிடைத்தது. ஏரிக்கரையில் ஒரு சுரங்க நகரியம். 1968இல் கனடாவின் இன்கோ கம்பெனி நிக்கலுக்கு ஒப்பந்தம் போட்டது, 1978இல் வணிக உற்பத்தி. மானுடவியலாளர் காத்ரின் ராபின்சன் அந்த ஊரைப் பற்றி 1986இல் ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். ஊர்க்காரர்களின் நல்ல நெல்வயல்கள் கம்பெனிக்குப் போன கதை அதில் இருக்கிறது. எனக்கு அது வெளியூர்க் கதையாகப் படவில்லை.

நெய்வேலியில் 1930களில் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் ஊற்றுக் கிணறு தோண்டியபோது தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வந்தது. 1956இல் நிறுவனம், 1957 மே 20இல் நேரு வந்து சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். கிணற்றில் பொங்கிய அந்தத் தண்ணீர்தான் சுரங்கத்துக்குப் பெரிய எதிரி. பழுப்பு நிலக்கரிக்குக் கீழே அழுத்தத்தோடு நிற்கும் நிலத்தடி நீரை ராத்திரி பகலாக இறைத்துக்கொண்டே இருந்தால்தான் சுரங்கத்தின் தரை பொத்துக்கொள்ளாமல் இருக்கும். 2023 ஜூலையில் வளையமாதேவியில், பரவனாற்றைத் திருப்பும் கால்வாய்க்காகப் பயிர் நின்ற வயலில் பொக்லைன் இறங்கியதை டிவியில் எல்லோரும் பார்த்தோம். வயல் போகும், ஆறு இடம் மாறும், குவார்ட்டர்ஸ் வரும். அந்தக் குவார்ட்டர்ஸில்தான் நான் வளர்ந்தேன். சம்பளம், பள்ளிக்கூடம், மரநிழல் எல்லாம் அதிலிருந்துதான் வந்தது.

மட்டானோ விஷயத்தில் சுரங்கத்தை மட்டும் குற்றம் சொல்லிவிட்டு எழுந்துபோக முடியாது. நிக்கல் உலைக்கு மின்சாரம் எடுக்க ஏரிகள் வடியும் லரோனா ஆற்றில் அணைகள் கட்டினார்கள், உண்மைதான். ஆனால் ஏரிக்குள் இறங்கிய பெரிய ஆபத்து ஃபிளவர்ஹார்ன். நம்மூரில் கல்லாவுக்குப் பின்னால் வாஸ்து மீன் என்று வைத்திருக்கிறார்களே, நெற்றி புடைத்த மீன், அதேதான். மத்திய அமெரிக்க மீன்களைக் கலந்து 1990களில் மலேசியாவில் உருவாக்கிய தொட்டி மீன். வளர்த்து அலுத்தவர் யாரோ ஏரியில் விட்டிருக்கிறார். அது பாறை இடுக்கில் மேயும் இறாலையும் நத்தையையும் தின்று பெருகியது. கார்டினல் இப்போது சிவப்புப் பட்டியலில் மிக அருகிவிட்ட இனம்.

ஜெர்மனியிலும் தைவானிலும் பொழுதுபோக்குக்காரர்கள் கார்டினலைத் தொட்டியில் பெருக்குகிறார்கள். ஏரியைக் கெடுத்த அதே பொழுதுபோக்கு. அதற்கு 28 டிகிரி வெந்நீர் வேண்டும்; நெய்வேலியில் ஹீட்டரே தேவைப்படாது. ஆனால் செர்ரி மாதிரி பெருகாது. ஒரு தாய் சுமப்பது பத்துப் பதினைந்து முட்டைதான். ஃபிளவர்ஹார்ன் ஒரு தடவைக்கு நூற்றுக்கணக்கில் இடும்.