சுவரோவியமும் சுண்ணாம்பு வாளியும்

குருமண்வெளித் துறையிலே தோணியேறி, வாவியைக் கடந்து மண்டூருக்குப் போய் வந்தவர்களுக்கு நான் இன்று சொல்லப்போவது எளிதில் விளங்கும். அங்கே மூலஸ்தானம் திரைக்குப் பின்னால் இருக்கிறது. வாயைத் துணியாற் கட்டிக்கொண்டு கப்புகனார் உள்ளே போவார். நாம் திரையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வருவோம். கதிர்காமத்திலும் அதே முறைதான். மயிலோடும் வள்ளி தெய்வயானையோடும் முருகன் அங்கே திரைச்சீலையில் எழுதப்பட்டிருக்கிறான். காவடி சுமந்து காட்டுவழியே நடந்து போன அடியார் ஒருவர் 'அரோகரா' என்று விழுந்து கும்பிடுவது அந்தச் சித்திரத்தின் முன்னால்தான். கோயிலுக்குச் சித்திரம் ஓர் அலங்காரம் என்று சொல்வோர் அந்த இடத்தில் ஒரு கணம் நின்று பார்க்க வேண்டும்.

'எழுதப்பட்டிருக்கிறான்' என்றேன். தமிழிலே ஓவியத்தை வரைவதற்கும் ஏட்டில் எழுத்தைப் பொறிப்பதற்கும் ஒரே சொல்தான். சுவரும் ஒருவகை ஏடு என்ற எண்ணம் நம்மவர்க்கு மிகப் பழையது. பரிபாடலின் பத்தொன்பதாம் பாட்டு, நப்பண்ணனார் பாடியது, திருப்பரங்குன்றத்து எழுத்துநிலை மண்டபத்தைக் காட்டுகிறது. காமன், ரதி, பூனையாய் உருமாறிய இந்திரன், அகலிகை, கோபங்கொண்ட கௌதமர் என்று படங்கள் வரிசையாக இருக்கின்றன. பார்க்க வந்தவர்கள், 'இது யார், அது யார்?' என்று கேட்கிறார்கள். அறிந்தவர்கள் சுட்டிக்காட்டிச் சொல்கிறார்கள். எனக்கு அந்தப் பாட்டிலே பிடித்தது அந்தக் கேள்விதான். ஓவியம் அங்கே பேச்சைத் தொடக்கி வைக்கிறது.

மட்டக்களப்பிலே அப்படியொரு பழைய மண்டபம் ஏன் இல்லை என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். போர்த்துக்கேயரைக் காட்டிப் பதில் சொல்வது வழக்கம். அது முழுப் பதிலன்று. 1628இல் அவர்கள் புளியந்தீவில் கோட்டை கட்டியதும், 1638இல் ஒல்லாந்தர் அதைப் பிடித்ததும் உண்மை. ஆனால் நம் ஊர்க் கோயில்கள் பல அன்று கருங்கல்லாலே கட்டப்பட்டவை அல்ல. களிமண்ணும் மரமும் கிடுகும் கொண்டு கட்டியவை. கண்ணகை அம்மன் கோயில்களோ வைகாசிச் சடங்குக்காக ஆண்டுக்கு ஒரு தடவை திறக்கப்படுபவை. சுற்றி நடந்து பார்க்கும் நெடுஞ்சுவர் இல்லாத இடத்திலே சுவரோவியம் எங்கே நிற்கும்? அதனாலே நம்மவர் கைவண்ணம் அசையும் பொருள்களிலே போய்த் தங்கியது. திரைச்சீலையிலும் வாகனத்திலும் தேர்ப்பலகையிலும் கூத்தரின் கிரீடத்திலும் அதைக் காணலாம். இவை எல்லாம் பழுதாகும். பழுதானதும் புதிதாகச் செய்வார்கள். பழையதை வைத்திருக்கும் வழக்கமில்லை.

இந்த வழக்கத்தை நான் இழிவாகச் சொல்லவில்லை. தஞ்சைப் பெருங்கோயிலிலேயே இதுதானே நடந்தது!

அந்தக் கதையைச் சொல்லும்போது ஓர் ஒற்றுமை நினைவுக்கு வருகிறது. நம் காரைதீவிலே 1892இல் பிறந்த விபுலாநந்த அடிகள் 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலே முதலாவது தமிழ்ப் பேராசிரியராகப் பொறுப்பேற்றார். அதே 1931இல், ஏப்ரல் மாதத்தில், அதே பல்கலைக்கழகத்தின் வரலாற்று ஆசிரியர் எஸ்.கே. கோவிந்தசாமி தஞ்சைக் கோயிலின் கருவறையைச் சுற்றியுள்ள இருண்ட உட்சுற்றுக்குள்ளே புகுந்தார். சுவரிலே நாயக்கர் காலத்து ஓவியம் இருந்தது. அது ஆங்காங்கே பொருக்காய் உதிர்ந்த இடத்திலே, அடியிலே வேறொரு கை எழுதிய வேறொரு சித்திரம் தெரிந்தது. 1010இல் குடமுழுக்குக் கண்ட இராசராசன் கோயிலின் சோழர் ஓவியம் அது. முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக ஓர் ஓவியத்தின் அடியிலே இன்னோர் ஓவியம் மூச்சடக்கிக் கிடந்திருக்கிறது.

அதிலே சுந்தரர் கதை இருக்கிறது. திருமணப் பந்தலுக்குள் ஓலையோடு வந்து, 'இவன் எனக்கு அடிமை' என்று வழக்காடும் கிழவர், திருவெண்ணெய்நல்லூர்ச் சபை, முடிவிலே வெள்ளை யானையில் சுந்தரரும் குதிரையில் சேரமான் பெருமாளும் கயிலைக்குப் போகும் காட்சி. வடபுறச் சுவரிலே திரிபுரம் எரிக்கும் சிவன். இவற்றின் சுவரைப் பரிசோதித்தவர் சென்னை அருங்காட்சியகத்து இரசாயன அறிஞர் எஸ். பரமசிவன். ஈரம் காயாத சுண்ணச் சாந்தின் மீதே வர்ணம் தீட்டப்பட்டது என்பது அவர் முடிவு. சாந்து காய்வதற்குள்ளே எழுதி முடிக்க வேண்டும். பிழை விட்டால் அழிக்க முடியாது. காய்ந்த பிறகு வர்ணம் சுண்ணாம்போடு ஒன்றாகிக் கல்லாகிவிடும். காவி, மஞ்சட்காவி, பச்சை மண், விளக்குக்கரி, சுண்ண வெண்மை என்று மண்ணிலும் அடுப்படியிலும் கிடைப்பவைதான் பெரும்பாலும் நிறங்கள். நீலம் மட்டும் தூரதேசத்துக் கல்லிலிருந்து வந்தது.

கண்டி நாட்டு ஓவியர் முறை வேறு. ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட நூலிலே அதை விரிவாக எழுதியிருக்கிறார். அவர்கள் காய்ந்த சுவரிலே பிசின் கலந்து தீட்டினார்கள். விளாம்பிசின் நம் படுவான்கரையிலும் தாராளமாய்க் கிடைக்கும் பொருள். எங்கள் ஊர்ச் சுவரிலும் அதுதான் இருந்திருக்க வேண்டும் என்று இப்போது எண்ணுகிறேன்.

எங்கள் ஊர்ச் சுவர் என்று சொல்லிவிட்டேன். இனி மறைப்பதற்கில்லை.

படுவான்கரையிலே ஒரு சிறு முருகன் கோயில். பெயர் வேண்டாம். அதன் முன்மண்டபத்து உட்சுவரிலே வள்ளியை மணக்க வந்த கிழவனும், பின்னால் துரத்தும் யானையும், பயந்து அவனைக் கட்டிக்கொள்ளும் வள்ளியும் எழுதப்பட்டிருந்தன. மிகப் பழையதன்று, அம்மப்பாவின் தகப்பன் காலத்தது என்பார்கள். வாவிச் சிப்பி சுட்ட சுண்ணாம்புச் சுவர். கிழவன் முகத்திலே ஒரு கள்ளச் சிரிப்பு. "இஞ்ச பார் மனே, ஆர் இந்தக் கிழவன் எண்டு சொல்லு பாப்பம்" என்று அம்மப்பா கேட்பார். எத்தனை முறை சொன்னாலும் அடுத்த வெள்ளிக்கிழமையும் கேட்பார். வள்ளி திருமணம் எனக்குப் புத்தகத்திலிருந்து வந்ததல்ல.

1968ஆம் ஆண்டு கும்பாபிஷேகம் வந்தது. எனக்குப் பதினைந்து வயது. வண்ணக்கர்மார் கூடி, சுவர் பூஞ்சணம் பிடித்துப்போச்சு, புதுப்பிக்க வேண்டும் என்று தீர்மானித்தார்கள். ஊர்ப் பெடியன்கள் எல்லோரும் சிரமதானத்துக்குப் போனோம். தும்பும் தேங்காய்ச் சிரட்டையும் கொடுத்தார்கள். நான் கிழவன் இருந்த பக்கம். முகம் முதலில் போகவில்லை. தண்ணீர் அடித்துத் தேய்த்த பிறகுதான் போனது. பெருமையாக வீட்டுக்கு வந்து சொன்னேன். அம்மப்பா ஒன்றும் பேசவில்லை. பின்னேரம் கோயிலுக்குப் போனார். வெள்ளையடித்த சுவருக்கு முன்னால் சற்று நேரம் நின்றார். திருநீறு வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். அந்தக் கேள்வியை அதன்பிறகு அவர் கேட்கவில்லை.

எங்களைக் குறைசொல்ல அன்று எவரும் இல்லை. பக்தியோடுதான் செய்தோம். நாயக்கர் காலத்தவர்களும் பக்தியோடுதான் சோழர் சுவர்மீது சாந்து பூசினார்கள். வித்தியாசம் என்னவென்றால், அவர்கள் பூசினார்கள்; நாங்கள் சுரண்டினோம். பூசியதன் அடியிலிருந்து தொல்லியல் துறையினர் பின்னாளில் நாயக்கர் படலத்தை நுட்பமாகப் பெயர்த்துப் பலகைகளிலே பதித்து, இரண்டு காலத்தையும் காப்பாற்றினார்கள். சுரண்டியதை எந்த இரசாயனமும் மீட்காது.

இப்போது வெள்ளைச் சுண்ணாம்பும் போய் எண்ணெய்ப் பெயின்ற் வந்துவிட்டது. பளபளப்பாக இருக்கும். ஆனால் நமது உப்புக் காற்றிலே சுண்ணச் சுவர் மூச்சுவிட வேண்டும். பெயின்ற் அந்தத் துவாரங்களை அடைத்துவிட்டால் உள்ளே போன ஈரம் வெளியே வராது. உப்புப் பூத்துச் சாந்து பாளம் பாளமாகக் கழன்றுவிடும். கும்பாபிஷேகத்துக்குக் கும்பாபிஷேகம் சுவர் கொத்திப் பூசுவதற்கு இது ஒரு காரணம். திருப்பணிச் சபையார் மேசனிடம் இதையும் ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம்.

1978 நவம்பர்ச் சூறாவளியிலே அந்த முன்மண்டபத்துக் கூரை போனது, சுவர் தப்பியது. பின்னர் இடப்பெயர்வு, திரும்பிவரவு. அண்மையிலே மீண்டும் திருப்பணி தொடங்கியிருப்பதாக அறிந்து போனேன். பழைய வாகன அலமாரி இன்னும் அதே மூலையிலே நின்றது. 1968இல் அதை நகர்த்த எங்களாலே முடியவில்லை என்பது சட்டென்று நினைவுக்கு வந்தது. ரோச் லைற்றை வாங்கி இடுக்கிலே அடித்துப் பார்த்தேன். சாம்பல் நிறத்திலே யானையின் பின்காலும் வாலும் இருந்தன. காலடியிலே இரண்டு புல், ஒரே வீச்சிலே எழுதியவை.

வண்ணக்கர் இளம்பிள்ளை. என் மாணவன் வயது. ஒரு முழ அகலச் சுவர், அதைத் தொடாமல் விட முடியுமா என்று கேட்டேன். சபையிலே கதைக்கிறேன் சேர் என்றார். பெயின்ற் அடிக்க வந்தவர் அலமாரியைத் தள்ளிப் பார்த்துவிட்டு, "இது அசையாது ஐயா, நான் இதைச் சுத்தித்தான் அடிக்கோணும்" என்றார்.