அடிஷாம் மாளிகையும் அதன் உடைமையாளரும்

மாத்தளையிலிருந்து இறத்தோட்டை வழியாகப் பல்லேகமைக்கு வரும் மலைப்பாதையிலே தேயிலைத் தோட்டங்களைக் காண்கின்றோம். மேட்டிலே துரையின் பங்களாவும் சரிவிலே தொழிலாளரின் லயன்களும் அமைந்திருத்தல் மலைநாட்டுத் தோட்டங்களின் பொது வழக்கு. பங்களாவின் வரலாறு ஏடுகளில் உண்டு. லயத்தின் வரலாறோ பெரும்பாலும் எழுதப்படவில்லை. இவ்விரண்டையும் ஒருங்கு வைத்து ஆராய்தற்கு ஏற்றது, பதுளை மாவட்டத்து அப்புத்தளையிலுள்ள அடிஷாம் மாளிகை.

இதனைக் கட்டுவித்தவர் சேர் தொம்மஸ் வில்லியர்ஸ் என்பார். 1869இல் பிறந்த இவர், பிரித்தானியாவின் பிரதம மந்திரியாக இருமுறை விளங்கிய ஜோன் ரசல் பிரபுவின் மகள் வயிற்றுப் பேரர். 1887இல் இலங்கைக்கு வந்து தோட்டத் தொழில் பயின்றார். பின்னர் ஜோர்ஜ் ஸ்டுவட் கம்பனியின் தலைவராகவும், சட்டநிருபண சபையின் உறுப்பினராகவும் உயர்ந்தார்.

மாளிகை 1931இல் நிறைவெய்தியது. கென்ற் கோட்டத்து லீட்ஸ் கோட்டையை முன்மாதிரியாகக் கொண்டு, தடித்த கற்சுவர்களும் புகைபோக்கிகளும் நூலகமும் பர்மாத் தேக்கு வேலைப்பாடுகளும் உடையதாக அஃது எழுந்தது. தம் தந்தையார் சமய குருவாகப் பணியாற்றிய அடிஷாம் என்னுங் கிராமத்தின் பெயரையே வில்லியர்ஸ் அதற்குச் சூட்டினார். கடல் கடந்து வாழ்ந்தவர் தந்தையின் ஊரை மறவாமை போற்றத்தக்கதே.

ஆயின், அம்மலைகளைப் பசுமையாக்கியவர்க்கும் தந்தையர் இருந்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கங்காணிமாரால் திரட்டப்பட்ட தமிழ்நாட்டு ஏழை மக்கள், மன்னார்க் கரையில் இறங்கித் தம்புள்ளை, மாத்தளை வழியாகக் கால்நடையாகவே மலையேறினர். பசியாலும் பேதியாலும் வழியில் மடிந்தோர் பலர். எஞ்சியோரின் மக்களும் பேரரும் இங்கேயே பிறந்து வளர்ந்தனர்.

நாடு விடுதலையடைந்த 1948ஆம் ஆண்டிலேயே இலங்கைப் பிரசாவுரிமைச் சட்டம் நிறைவேறியது. அதன்படி, இந்நாட்டிற் பிறந்திருத்தல் மட்டும் போதாது; தந்தையோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமோ இங்குப் பிறந்தமைக்குச் சான்று வேண்டும். லயத்தில் வாழ்ந்தோருட் பலரிடம் அத்தகைய பத்திரம் ஏது? அடிஷாம் மாளிகை தன் வாயிலிலே தாங்கி நின்ற செய்தியைத்தான், தந்தையின் ஊர் எது என்பதைத்தான், சட்டம் அம்மக்களிடம் வினவியது. இலட்சக்கணக்கானோர் நாடற்றவராயினர், 1949இல் வாக்குரிமையையும் இழந்தனர்.

வில்லியர்ஸ் ஓய்வு பெற்றுத் தாயகந் திரும்பியதும் அக்காலத்திலேதான். அவருக்குப் போகவும் இருக்கவும் உரிமையிருந்தது. 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தமோ, 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் உரியவராகப் பகுத்தது. எஞ்சிய 150,000 பேரின் நிலை பின்னர் ஆராய விடப்பட்டது. நாடற்றவராய் எஞ்சியோர்க்குப் பிரசாவுரிமை அளிக்குஞ் சட்டம் 2003இலேதான் நிறைவேறியது.

மாளிகை கம்பனியொன்றின் கைக்கு மாறி, 1960களின் தொடக்கத்தில் ஆசீர்வாதப்பர் சபைத் துறவியரின் மடமாயிற்று. துறவியர் அதனைச் செவ்வனே பேணி வருகின்றனர். பழப்பாகும் செய்து விற்கின்றனர். காண்போர் அதன் அழகை வியந்து மீள்கின்றனர். வியத்தல் தவறன்று, எனினும், உறுதிப்பத்திரத்திற் பெயருள்ளவர் மட்டுமே ஒரு வீட்டின் வரலாற்றுக்கு உரியவரல்லர். நம் மாணவர் தத்தம் ஊர்த் தோட்டத்து முதியோரை அணுகி, அவர்தம் முன்னோர் வந்த வழியைக் கேட்டெழுதுவராயின், பங்களாவின் வரலாற்றோடு லயத்தின் வரலாறும் ஏடேறும்.